நூற்றிருபது லிட்டர்

நெரிஞ்சிப்பேட்டைக் கரையில்
இன்னும் பெயர் எழுதாத படகு.
இரண்டு கட்டில், ஓர் அடுப்பு, மேலே தகரக் கூரை,
பின்பக்கம் நாலடிக்கு மூன்றடி காலியிடம்.
"அதுலதானுங் அம்மிணி அந்தச் சமாச்சாரம்"
என்றார் அர்த்தனாரி.
மூன்று நாளும் அதன் பெயரைச் சொல்லவேயில்லை.

எனக்குக் கணபதியில் பம்ப்புப் பட்டறை.
கிணற்றுக்கு, போருக்கு, சாயக்கழிவுக்கு என்று
பதினாறு வருஷம்.
படகில் கால் வைத்தது இதுதான் முதல்.
ஆடுகிற தரையில் ரசமட்டம் வைத்தேன்,
குமிழி நிற்கவில்லை.
படகோட்டி மாதேசன் வேறுபக்கம் திரும்பிச் சிரித்தான்.

"அடியில ஒரு ஓட்டை போட்டு பைப்ப உடுங்க.
ஆறு பாத்துக்கும். தொட்டி என்னத்துக்குங்?"
விலையைக் கேட்ட பிறகு
எவருக்கும் வருகிற கேள்விதான்.

நான் வாதாடவில்லை.
படகோரமாய், சொட்டுநீலப் புட்டியில் கால்வாசியை
ஆற்றில் கவிழ்த்தேன்.
அவர்கள் டீ குடித்துவிட்டு வந்தார்கள், நான் வேண்டாமென்றேன்.
நீலம் அங்கேயே நின்றது.
அவர்கள் பரோட்டா தின்றுவிட்டு வந்தார்கள்.
நீலம் கொஞ்சம் வெளுத்து
படகை ஒரு சுற்றுச் சுற்றி
ஏறுபடிக்கருகே வந்திருந்தது,
வருகிறவர்கள் கால் நனைக்கப்போகும் இடத்துக்கு.

மாதேசன்தான் சொன்னான்:
"இது ஓடற ஆறில்லீங்ணா.
கதவணையில கதவ எறக்கி
தண்ணிய நிறுத்திக் கரண்டு எடுக்கறாங்க.
ஆறே ஒரு தொட்டிதான்."

அர்த்தனாரி சித்த நேரம் பேசவில்லை.
மகள் ஈரோட்டில் வாடகைக்கு இருக்கிறாளாம்.
அதற்கு மேல் சொல்லவில்லை.

பொள்ளாச்சி நார்த்தூளைத் தூவி மூடுகிற உலர்முறை உண்டு,
தண்ணீரும் வேண்டாம், பம்ப்பும் வேண்டாம்.
என் பிழைப்புக்கு விரோதமாக எனக்குப் பிடித்தது அதுதான்.
"ஒறம்பரைகிட்ட, தூள அள்ளிப் போட்டுட்டு வாங்கன்னு
நா எப்படிங் சொல்றது?"
போயிற்று.
அரைத்து, கிருமி கொன்று, வெளியே விடும் பெட்டிக்கு
விலை கேட்டால் இன்னொரு படகு.
மிஞ்சியது தொட்டி. நூற்றிருபது லிட்டர்.
இடது கட்டிலுக்கடியில் வைத்தோம்,
நிறைந்தால் சாயுமென்று
பேட்டரி இரண்டையும் வலப்பக்கம் தள்ளினோம்.
பவானியிலிருந்து வாரம் ஒருமுறை கழிவு லாரி.
லாரி வராத வாரம் ஒறம்பரையும் கிடையாது,
எழுதியே வாங்கிக்கொண்டேன்.

குழாயில் மிச்சம் பிடிக்கப் பார்த்தார்,
தோட்டத்துப் பச்சைக் குழாய் ஒரு சுருள் சும்மா கிடக்கிறதாம்.
அதைத் தின்று ஆறே மாசத்தில் நாற்றம் வெளியே வரும்.
சுடுதண்ணீரில் துணி நனைத்துக் குழாயில் சுற்றி
ஆறிய பிறகு மோந்தால் தெரியும்.
"வேண்டாமுங், நீங்க சொன்னதே போடுங்க" என்றார்,
மூக்கைப் பொத்திக்கொண்டே.

தண்ணீர் இழுக்கிற குழாயை
நீர்மட்டத்துக்கு மேலே வளைத்து ஏற்றினேன்,
இல்லாவிட்டால் ராத்திரியில் ஆறு படகுக்குள் வந்துவிடும்.
தொட்டிக்குக் கட்டைவிரல் பருமனில் ஒரு மூச்சுக்குழாய்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன்.
அந்தக் கரை நெடுக
ஆண்களுக்கு மரங்கள் இருந்தன.
எனக்குப் பெட்ரோல் பங்க், ஒன்றரைக் கிலோமீட்டர்,
சாவி வைத்திருப்பவன் சாப்பிடப் போகாதிருந்தால்.
மூன்று நாளாய் நானும் ஒரு தொட்டி,
அளவு காட்டும் விளக்கு இல்லாதது.

"ஓட்டிப் பாத்தரலாமுங்களா அம்மிணி?"
"நான் பாக்கறேன்" என்று
உள்ளே போய்த் தாழ் போட்டேன்.
தாழ் இறுக்கம். நாளைக்கு அரம் போடவேண்டும்.
வெளியே இரண்டு ஆண்களும் சட்டென்று
மழையைப் பற்றி உரக்கப் பேச ஆரம்பித்தார்கள்.

பொத்தானை அழுத்தினேன்.
ஓர் உறுமல், ஒரு விழுங்கல், அமைதி.
பச்சை விளக்கு பச்சையாகவே.
சிறு சன்னலுக்கு வெளியே
ஆற்றில் ஒன்றுமே நடக்கவில்லை.

கை கழுவிக்கொண்டு வந்து
"டீ இருக்குதுங்களா?" என்றேன்.